சவுக்குக் கன்று வேண்டாம், ரத்தினம்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
மாசி 10

அன்புள்ள ரத்தினத்துக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கவரில் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "யார் சார் இன்னும் கடுதாசி போடறது?" என்று தபால்காரரே கேட்டுவிட்டார். பேத்திக்குக் காது குத்திய படம் கண்டேன். மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம். கமலாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் ஒட்டடை எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

நம் செட் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் கூத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். மே மாத ஒன்றுகூடலுக்குத் தேவனாம்பட்டினம் மணலில் ஆளுக்குப் பத்து சவுக்குக் கன்று, மறுநாள் பிச்சாவரத்தில், உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரமான சுரபுன்னை ஆயிரம். பேனர்கூட டிசைன் ஆகிவிட்டது. "பாட்டனி வாத்தியார் நீ, ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்கிறாய். அங்கே எதை எழுதினாலும் பத்துக் கும்பிடு வரும், அதோடு சரி. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005இல், நாட்டு நலப்பணித் திட்டப் பையன்கள் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் அதே கடற்கரையில் சவுக்கு நட்டவன் நான்தான். ஒரு தொண்டு நிறுவனம் லாரியில் கன்று கொண்டுவந்து இறக்கியது. மணல்மேட்டில் அடம்புக் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. ராவணன் மீசைப் புல் குத்துக்குத்தாக நின்றது. இரண்டையும் மண்வெட்டியால் கொத்தி எறிந்துவிட்டுத்தான் குழி போட்டோம். அன்றைய அறிக்கையில் "இடம் சுத்தம் செய்யப்பட்டது" என்று என் கையால் எழுதினேன். பாட்டனி வாத்தியார்!

காற்று வாரிக்கொண்டு வரும் மணலைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டு செடிகளும்தான். ராவணன் மீசையின் அடியில் ஒரு பிடி மணல் சேரும், செடி அதற்கு மேலே ஏறும், மறுபடி மணல் சேரும். அப்படித்தான் மேடு உயர்கிறது. கரைக்கு முதல் தடுப்பு அந்த மேடு. சவுக்கு ஊசி விழுந்து மெத்தையானால் அதன் கீழே அடம்பு வராது. சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் அவசரமாக நட்ட இந்தத் தடுப்புக் காடுகளைப் பற்றி 2010இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். காக்கும் என்ற உறுதி இல்லாமலே வெளியூர் மரத்தை நட்டு, மணல்மேடு போன்ற இயற்கை அமைப்புகளைக் கெடுக்கிறோம் என்பது அதன் சாரம். படித்தபோது என் அறிக்கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே நடக்கப் போனேன். பங்குனி ஆமை முட்டையிட ஏறும் பருவம் இது. வனத்துறைக்காரர்கள் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்க விடுகிறார்கள். அவர்களோடு போகும் பையன் ஒருவன் என்னிடம் படித்தவன். சின்ன டிராக்டர் ஏறிய மாதிரி ஒரு தடம் தண்ணீரிலிருந்து மேலே வந்திருந்தது. டார்ச் அடித்துக்கொண்டே போனோம். சவுக்கு வரிசையில் போய் நின்றது. மணலைத் தோண்டியிருக்கிறது, ஒரு சாணுக்குக் கீழே வேர். பக்கத்தில் இன்னொரு குழி, அங்கேயும் வேர். தடம் வளைந்து கடலுக்கே திரும்பிவிட்டது. "முட்டையோடவே போயிடுச்சு சார்" என்றான் பையன். 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலில் பாதி மரம் சாய்ந்தது, மீதியில் பெரும்பகுதி விறகானது. மிச்சம் நிற்கும் இந்தச் சில மரங்கள் நான் நட்டவையா வேறு யாராவது நட்டவையா, தெரியாது. வரிசை மட்டும் நூல் பிடித்தது போல இருந்தது.

"மரம்தானே சுனாமியில் காப்பாற்றியது?" என்று குழுவில் ஒருவன் கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. அந்த ஆராய்ச்சி நடந்ததே நம் மாவட்டத்தில்தான். 2005இல் ஒரு குழு செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்து, மரம் அடர்ந்த இடத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. சவுக்கும் ஓரளவு தாங்கியது என்றுதான் அதில் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அதே வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலிருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குப்பங்களைக் கணக்கெடுத்து, அலையாத்திக்காடு காத்தது என்று எழுதினார்கள். மறு வருஷமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே எண்களைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதைக் கழித்துவிட்டால், காட்டின் பங்கு என்று எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். இன்னொரு குழு மறுபடி கணக்குப் போட்டு, இல்லை, காடு காத்தது உண்மைதான் என்றது. பதினெட்டுக் குப்பத்து எண்ணை வைத்துக்கொண்டு மூன்று தீர்ப்பு! எனக்கு இதில் குறையாக எதுவும் தோன்றவில்லை. ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்துவதுதான் படிப்பு. அலையாத்திக்காடு பொதுவாக உள்ளடங்கிய கழிமுகத்தில் வளர்வது, அதன் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலுக்குத் தூரம். காடு காத்ததா, தூரம் காத்ததா என்று எப்படிப் பிரிப்பாய்? நான் காடு கொஞ்சமாவது காத்தது என்ற கட்சி. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தக் கரையிலும் எந்த மரத்தையும் நடலாம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, பிச்சாவரத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு அடுத்த வாரம் போய் வந்தேன். கிள்ளையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன், அவன் சிற்றப்பா படகில் கூட்டிப்போனான். சுற்றுலாப் படகு போகும் பக்கத்தில் இருபுறமும் சுரபுன்னை தாங்குவேரை ஊன்றிக்கொண்டு நிற்கும், நீயும் பார்த்திருக்கிறாய். உள்ளே போகப் போக வெண்கண்டல்தான் அதிகம். இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார் என்றார் சிற்றப்பா. உப்புக் கரித்தது. உறிஞ்சிய உப்பை இலை வழியாகத் தள்ளிவிடும் மரம் அது. தில்லை மரத்துப் பக்கம் கையை நீட்டினேன், படகைச் சட்டென்று விலக்கினார். பால் கண்ணில் பட்டால் அவ்வளவுதானாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இப்போது சிதம்பரத்தில் இல்லை, இங்கே வந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒரு வாய்க்காலைக் காட்டினார். நடுவே பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள், மீன்முள் மாதிரி. விஷயம் இதுதான். 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து வெட்டினார்கள். திரும்ப வளர்ந்துவிடும் என்று நினைத்தார்கள், வளரவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கி, நிலம் தொட்டி போலக் குழிந்துவிட்டது. நம் கரையில் கடல் ஏறி இறங்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஏறும்போது தொட்டிக்குள் வந்த தண்ணீர் இறங்கும்போது வெளியே போக முடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகும். உப்பளத்தில் எந்தக் கன்று பிழைக்கும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து இந்த வாய்க்கால்களை வெட்டியது. தண்ணீர் தினமும் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு கழுவிக்கொண்டு போனது. அதற்கு அப்புறம்தான் கன்று. "வாய்க்காலைத் தூர் வாராம விட்டா மறுபடி செத்துடும்" என்றார் சிற்றப்பா. தூர் வாருகிற சேற்றோடு பேனர் பிடித்து யாரும் படம் எடுப்பதில்லை.

நம் ஆட்களுக்குச் சுரபுன்னை மேல் ஏன் இந்த மோகம் என்றால், அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் நட்டாயிற்று, ஒரு மணி நேரத்தில் ஆயிரம் நடலாம். ஆனால் அது உப்பு அதிகமானால் தாங்காது. கொள்ளிடத்தில் நல்ல தண்ணீர் வரத்து குறைந்துபோன இடத்தில் வெண்கண்டல் பெருகியிருப்பது அதனால்தான். அதோடு 2022இலிருந்து பிச்சாவரம் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலில் சேர்த்த இடம். கூட்டமாக இறங்கி மிதிக்க அது நம் கல்லூரி மைதானம் அல்ல.

பாண்டிக்கும் ஒரு நடை போயிருந்தேன். காந்தி சிலைக்கு எதிரே மணல் இருக்கிறது, தெரியுமா! நாம் படிக்கும்போது சுண்டல் தின்ற அதே இடம். 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்பு போட்ட பிறகு கரைந்துபோனதே, அது. வருஷத்தில் அதிக மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவே கல்லைப் போட்டால் தெற்கே குவியும், வடக்கே அரிக்கும். அரித்த இடத்தில் கல் கொட்டினால் அதற்கும் வடக்கே இருக்கும் குப்பத்துக்கு அரிப்பு போகும். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் சில வருஷம் முன்பு தண்ணீருக்குள் ஒரு தடுப்பை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள், மணல் கொஞ்சம் தங்கியது. முப்பது வருஷம் கழித்து அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். வடக்கே இருக்கும் குப்பத்துக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. குழுவில் நான் சொன்னால் சண்டை. நீ சொன்னால் பொருளாளர் கேட்பான், அவனுக்கு இன்னும் உன் ரெக்கார்டு நோட்டுக் கடன் இருக்கிறது. சவுக்கும் வேண்டாம், சுரபுன்னையும் வேண்டாம். நட்டே ஆக வேண்டும் என்றால் நூறு கன்று போதும். காசா, கொக்கொட்டை, மகிழம், நாவல் என்று நம் கரையோரத்துப் பசுமைக் காட்டு மரங்கள். திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் பக்கம் மிஞ்சியிருக்கும் அந்தக் காட்டைத்தான் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பார்த்தசாரதி 1990களிலிருந்து மரம் மரமாக அளந்து எழுதினார். மெதுவாக வளரும், படத்தில் எடுப்பாக இருக்காது. மேயில் நடாமல் ஐப்பசி மழையில் நடட்டும். மிச்சப் பணத்தில் மூன்று வருஷம் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் போடலாம். இடத்துக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசி வைத்திருக்கிறேன், சுற்றுச்சுவர் இருக்கிறது, ஆடு வராது.

டிக்கெட் போடும்போது இரண்டு நாள் முன்னதாகப் போடு. திருமாணிக்குழிக்கு நாம் இருவர் மட்டும் போய்விட்டு வரலாம். பேனருக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வருமா என்று பொருளாளரிடம் நைசாகக் கேட்டு எழுது.

அன்புடன்,
வேலு