எம்டன் டையோரமா: ஞாயிறு எல்லோரும் வாங்க

வணக்கம் நண்பர்களே,

நம்ம பள்ளிக்குத் தரப்போகிற டையோரமா, அதாவது ஒரு காட்சியைச் சின்ன அளவில் காட்டும் மாடல், முக்கால்வாசி முடிஞ்சாச்சு. எம்டன் முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை அது பீரங்கியால் சுட்டு எரிய வைத்த காட்சி. 1:350 அளவில் கப்பல் 34 செ.மீ. வருது. அதே கணக்கில் கரை சில மீட்டர் தள்ளி நிற்கணும் என்பதால், தொட்டிகளைத் தனிப் பலகையில் செய்கிறோம்.

வரும் ஞாயிறு காலை 10 மணி, என் வீட்டு மொட்டை மாடி.

1. தொட்டிக்கு பிவிசி குழாய்த் துண்டுகள், தீக்கு ஆரஞ்சு எல்.இ.டி., புகைக்குப் பஞ்சு கொண்டு வாங்க.
2. பழைய ஒயர் இருந்தால் விடாதீங்க. உள்ளே இருக்கும் செம்பு இழைதான் கைப்பிடிக் கம்பி.
3. கொடிமரக் கயிறுகளை அங்கேயே செய்வோம். மாடல் கிட்டில் பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சின பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி, இளகியதும் மெதுவா இழுத்தால் தலைமுடி போல நூல் வரும். நேத்து இழுத்துப் பார்த்தேன், அவ்வளவு அழகு!
4. புகைபோக்கி மூன்றுதான், யாரும் கூட்ட வேண்டாம்.

அன்று உயிர்ச்சேதமும் நடந்தது. விளக்கப் பலகையில் அதையும் கட்டாயம் எழுதணும். நல்ல கையெழுத்து உள்ளவங்க சொல்லுங்க.

வருபவர்கள் என்ன கொண்டு வருவீங்க என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்க.