வாடகை டீம்னு எப்படிங்க சொல்றது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்துல வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்ங்கற நாடுகளுக்கு இடையிலான போட்டி பத்தியும் அதுல ஆடுற நாடுகளோட டீம் லிஸ்ட் பத்தியும் முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ்ப் பத்திரிகையில பேஸ்பாலுக்கு இவ்ளோ இடம் கெடைச்சதே பெரிய விஷயம், அதுக்கு நன்றி. ஆனா வெளிநாட்டுல பொறந்தவங்கள வச்சு ஆடுறாங்கன்னு இத்தாலி, இஸ்ரேல் டீமையெல்லாம் "வாடகை டீம்"னு எழுதிட்டு, கடைசி பத்தியில நம்ம மலேசியக் காற்பந்து டீமோட போலிப் பத்திர விவகாரத்தையும் இழுத்துட்டு வந்து எல்லாம் ஒரே கதைதான்னு முடிச்சிருந்தாரு பாருங்க உங்க நிருபர், அத என்னால ஒத்துக்க முடியல.

பேஸ்பால்ல ரூல் என்னன்னு அவரு எழுதவே இல்ல. அந்த நாட்டு குடிமகனா இருந்தா ஆடலாம், அங்க பொறந்திருந்தா ஆடலாம், அப்பா அம்மாவுல ஒருத்தர் அங்க பொறந்திருந்தாலோ அந்த நாட்டு குடிமகனா இருந்தாலோ ஆடலாம், நிரந்தரமா தங்கற உரிமை இருந்தாலும் ஆடலாம். இது எல்லாத்துக்கும் மேல, பாஸ்போர்ட் இன்னும் கையில வாங்காட்டியும் அந்த நாட்டு சட்டப்படி கேட்டா கெடைக்கும்னு பேப்பர் காட்டுனா போதும். இஸ்ரேல் சட்டத்துல தாத்தா பாட்டியில ஒருத்தர் யூதரா இருந்தாலே அங்க போயி குடியேறி குடியுரிமை வாங்கலாம், அதனாலதான் 2017ல அந்த டீம்ல பெரும்பாலும் அமெரிக்காவுல பொறந்து வளந்த பசங்க, அவங்க போயி தென்கொரியா, தைவான், நெதர்லாந்துனு மூணு டீமையும் வரிசையா சாச்சுட்டு அடுத்த ரவுண்டுக்கு போனாங்க. ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் இல்ல, ரூல்லயே எழுதியிருக்கு, எல்லா நாட்டுக்கும் அதே ரூல். ஆனா ஒலிம்பிக்குக்கு இது செல்லாது, பாஸ்போர்ட் கையில இருக்கணும், தோக்கியோ ஒலிம்பிக்குக்கு இஸ்ரேல் தகுதி பெற்றப்ப இயன் கின்ஸ்லர் மாதிரி அமெரிக்க விளையாட்டாளருங்க முறைப்படி குடியுரிமை வாங்கிட்டுதான் எறங்குனாங்க.

நிரந்தரவாசியும் ஆடலாம்னு சொன்னேன்ல, நம்ம மலேசியக் கணக்குல அது சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசிக்குக் குடுக்கற சிவப்பு அடையாள அட்டை. அந்த வரிய படிச்சதுமே எனக்கு பேஸ்பால் மறந்து போச்சு சார். இங்க ரப்பர் தோட்டத்துல பொறந்து, பால்மரம் வெட்டி, பேரப்பிள்ளைங்களையும் பாத்துட்டு, அப்பவும் சிவப்பு ஐசியோட ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகாவுல) நம்பர் எடுத்துட்டு ஒக்காந்திருக்கற பாட்டிங்க உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், சூராட் பெரானாக் (பொறப்புப் பத்திரம்) சரியில்லன்னு பள்ளிக்கூடம் சேக்கவே அலையற பிள்ளைங்களயும் நீங்களே எத்தனையோ தடவ செய்தியா போட்டிருக்கீங்க. அவங்கள வச்சுக்கிட்டு பாக்கறப்ப, இந்த நாட்டுக்காரன் யாருன்னு கேட்டா பேஸ்பால் சொல்ற பதில் எனக்கு ரொம்ப நியாயமா படுது.

இப்ப காற்பந்துக்கு வருவோம். உலகக் காற்பந்து சம்மேளனமான பிஃபாவோட ரூலும் ஒண்ணும் மூடி வச்ச ரூல் இல்ல, அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ இந்த மண்ணுல பொறந்திருந்தா, குடியுரிமையும் இருந்தா, வெளிநாட்டுல வளந்தவரு தாராளமா நம்ம தேசிய டீம் ஹரிமாவ் மலாயாவுக்கு ஆடலாம். 2025 ஜூன்ல புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல வியட்நாம 4-0னு அடிச்சப்ப எல்லாரும்தான் குதிச்சோம். செப்டம்பர்ல பிஃபா என்ன சொல்லுச்சு? நம்ம டீம்ல ஆடுன வெளிநாட்டுல பொறந்த ஏழு பேரோட தாத்தா பாட்டி பொறப்புப் பத்திரம் போலியா திருத்தப்பட்டது, அசல் பத்திரத்துல மலேசியாவே இல்ல, அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்துதான் இருக்குன்னு சொல்லி மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் 12 மாசம் தடைன்னு போட்டுச்சு, நவம்பர்ல அப்பீலையும் தள்ளிடுச்சு. பிஃபா புடிச்சது பேப்பர்ல இருந்த பொய்ய. வெளிநாட்டுல பொறந்தத யாரும் குத்தம்னே சொல்லல. இத்தாலி டீம்ல நியூஜெர்சி பையன் ஆடுறதும் இதுவும் எப்படிங்க ஒண்ணாகும்?

சரி, அவ்ளோ தூரம் ஏன் போகணும், பக்கத்துல தாய்லாந்தையே எடுத்துக்குங்க. 2012 தகுதிச் சுற்றுல அவங்களுக்கு ஆடுனவரு ஜானி டேமன், பாஸ்டன்லயும் நியூயார்க் யாங்கீஸ்லயும் வேர்ல்ட் சீரீஸ் ஜெயிச்சவரு, அவரு அம்மா தாய்லாந்துக்காரங்க. டீம் மேல போகல, ஆனா அம்மா ஊரு பேர நெஞ்சுல போட்டுக்கிட்டு எறங்குனாரு, அத வாடகைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஜப்பானையே பாருங்களேன், 2023ல லார்ஸ் நூட்பார்னு கலிபோர்னியாவுல பொறந்தவர எடுத்தாங்க, அம்மா ஜப்பான்காரங்க. அம்மா வழி ரத்தத்த வச்சு வெளிநாட்டுல பொறந்தவர இந்தப் போட்டிக்கு ஜப்பான் எடுத்தது அதுதான் மொத தடவ. அவரு சின்னப் பையனா இருந்தப்ப ஜப்பான் ஹைஸ்கூல் டீம் அமெரிக்கா வந்துச்சு, அதுக்கு பேட் எடுத்துக் குடுக்கற பையனா நின்னவராம். அப்படிப்பட்டவரு ஒவ்வொரு தடவ ஹிட் அடிச்சு பேஸ்ல நின்னப்பவும் மிளகு அரைக்கற மாதிரி கைய திருகுவாரு, ஸ்டேடியமே சேந்து திருகுச்சு, கப்பும் ஜப்பானுக்குத்தான்.

மார்கஸ் ஸ்ட்ரோமன்னு ஒரு பிட்சர் (பந்து வீசறவரு), 2017ல அமெரிக்காவுக்கு ஆடி போட்டியிலயே சிறந்த விளையாட்டாளர் பட்டம் வாங்குனாரு, 2023ல அம்மா வழியில புவெர்ட்டோ ரிக்கோவுக்கு ஆடுனாரு. இது கொஞ்சம் ஓவர்தான்னு எனக்கே தோணுது. ஒரு நாட்டுக்கு ஆடிட்டா அப்புறம் அதுலயே இருக்கணும்னு ஒரு கட்டு இருந்தா நல்லாருக்கும். ஆனா அது ரூல்ல இருக்கற ஓட்டை, ஆள் மேல குத்தம் சொல்லக்கூடாது.

உங்க நிருபர் செக் குடியரசு டீம மட்டும் "உண்மையான உள்ளூர் டீம்"னு புகழ்ந்திருந்தாரு. எனக்கும் அவங்கள ரொம்பப் பிடிக்கும். 2023ல தோக்கியோ டோம்ல ஜப்பான் நட்சத்திரம் ஓதானிய ஸ்ட்ரைக் அவுட் (பந்த அடிக்க விடாம அவுட்) ஆக்குன பிட்சர் சடோரியா வேலைக்கு எலக்ட்ரீசியன், டீம் மேனேஜரு நரம்பு டாக்டரு, தீயணைப்பு வீரர் ஒருத்தரும் இருந்தாரு, 10-2னு தோத்தாலும் ஜப்பான்காரங்களே எழுந்து கைதட்டுனாங்க. ஆனா அதே லிஸ்ட்ல எரிக் சோகார்டுனு அமெரிக்க மேஜர் லீக்ல பல வருஷம் ஆடுனவரும் இருந்தாரே, அவரும் அம்மா வழியில வந்தவருதான், அத ஏன் விட்டுட்டாரு? உள்ளூர்ல வளத்த பசங்களோட வெளியில இருந்து ஒருத்தர் வந்து சேந்தா அந்தப் பசங்களுக்கும் கத்துக்க ஆள் கெடைக்கும். உள்ளூர்ல வளக்காம மொத்தமா வெளியில இருந்தே எறக்குனாத்தான் கேள்வி கேக்கணும், அந்தக் கேள்விய இத்தாலிகிட்டயும் கேளுங்க, நம்ம சங்கத்துகிட்டயும் கேளுங்க, நான் வேணாங்கல.

இன்னொண்ணு, "30 பேர்ல 14 பந்து வீச்சாளரா, கிரிக்கெட்டே தேவலாம் போல"ன்னு ஜோக் அடிச்சிருந்தாரு. குறைஞ்சது 14 பிட்சர் இருக்கணும்னு 2023லயே கட்டாயம் சார். மொத ரவுண்டுல ஒரு பிட்சர் 65 பந்துக்கு மேல போடக்கூடாது, காலிறுதியில 80, அதுக்கப்புறம் 95. 50 பந்தோ அதுக்கு மேலயோ போட்டா நாலு நாள் ஓய்வு, 30 பந்தோ அதுக்கு மேலயோ போட்டா ஒரு நாள். மார்ச் மாசம், அமெரிக்காவுல லீக் இன்னும் ஆரம்பிக்கல, தோள்பட்டை சூடாகல, சம்பளம் குடுக்கற கிளப்புக்கு பயம், அதனாலதான் இவ்ளோ கணக்கு. அந்த பயமும் சும்மா இல்ல, 2023ல புவெர்ட்டோ ரிக்கோ ஜெயிச்ச சந்தோஷத்துல குதிச்ச பிட்சர் எட்வின் டியாஸுக்கு முழங்கால் போயி அந்த சீசன் முழுக்க ஆடல. இன்சூரன்ஸ் சிக்கலால அதே வருஷம் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா அமெரிக்க டீமுக்கே வர முடியல. ஆக ஒரு லிஸ்ட்ல யாரு இல்லன்னு பாத்தாலும் அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கும், அத எழுதுங்க, படிக்க நாங்க இருக்கோம்.

அடுத்த தடவ டீம் லிஸ்ட் போடறப்ப பேரு, பொசிஷனோட நிறுத்தாம, பொறந்த ஊரு, ஆடுற கிளப்பு, எந்த வழியில அந்த நாட்டுக்கு ஆடுறாருன்னு மூணு கட்டம் சேத்துப் போடுங்க. இடம் பத்தலன்னா பக்கத்துல இருந்த அந்தப் பெரிய கார் விளம்பரத்த கொஞ்சம் சுருக்கிக்கலாம், நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர் ஒருவர்,
கோலாலம்பூர்