அழகப்பர் வாழ்க்கைக் கண்காட்சி: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தொழிலதிபரும் கல்வி வள்ளலுமான டாக்டர் ராம. அழகப்பச் செட்டியார் அவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சி உங்கள் எல்லோருடைய தயவால் நல்லபடியாக நிறைவேறியது. காரைக்குடியில் அவர் பெயர் தாங்கிய வகுப்பறைகளில் படித்த நண்பர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய முயற்சி இது. எங்களிடம் ஆசை இருந்த அளவுக்கு ஆவணங்கள் இருக்கவில்லை. படங்களும் கடிதங்களும் நினைவுகளும் உங்கள் வீடுகளிலிருந்துதான் வந்தன. எல்லோரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல இயலாததால் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் கோட்டையூர் ஆச்சிக்கு. பழைய பத்திரிகை நறுக்குகளையும் புகைப்படங்களையும் இத்தனை ஆண்டுகள் கறையான் அண்டாமல் காத்து வைத்திருந்து, எங்களை நம்பி மொத்தமாகக் கொடுத்தீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும், அதில் இருப்பவர் யார், என்ன விசேஷம் என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தீர்களே, அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் பாதிப் படங்கள் எங்களுக்கு வெறும் முகங்களாகத்தான் இருந்திருக்கும்.

அழகப்பர் அள்ளிக் கொடுத்ததை ஊர் அறியும். அந்தச் செல்வத்தை அவர் எப்படி ஈட்டினார் என்பதை அநேகமாக யாரும் பேசுவதில்லை. அந்தக் குறை தீர வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். 1909-ல் கோட்டையூரில் பிறந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, லண்டனில் பாரிஸ்டர் படிப்போடு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு திரும்பியவர் அவர். நூற்பாலை, விமானப் போக்குவரத்து என்று புதுத் துறைகளில் துணிந்து இறங்கியவர். கேரளத்தில் திருச்சூருக்கு அருகே அழகப்பநகர் என்றே ஓர் ஊர் இருப்பது பார்வையாளர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைத் தேடிச் சென்று, மலையாளத்தில் அவர்கள் சொன்னதையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்த நண்பருக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வது! முதலாளியைப் பற்றித் தொழிலாளி வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்பதை விடப் பெரிய நற்சான்று ஒரு தொழிலதிபருக்குக் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1947-ஆம் ஆண்டுப் பகுதியை எழுதித் தந்த பேராசிரியர் ஐயாவுக்கு நன்றி. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பர், காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அங்கேயே அறிவிக்கிறார். கட்டடம் எழும்வரை அவர் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டே காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. கணக்குப் பார்த்துப் பழகிய ஒரு வியாபாரி, இந்த ஒரு காரியத்தில் மட்டும் கணக்குப் பார்க்காமல் வாக்குக் கொடுத்ததை ஐயா எழுதியிருந்த விதம், படித்தவர்களை அந்தப் பலகை முன்னால் நிறுத்தி வைத்தது. பெண்களுக்குக் கல்லூரி தொடங்க இடம் அமையாதபோது தம் வீட்டையே கொடுத்தார் என்று ஊரில் சொல்வதையும் அதன் பக்கத்திலேயே வைத்தோம்.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து, அந்த ஆய்வகம் இங்கே எப்படி வந்தது என்று மாணவர்களுக்கு விளக்கினார். பெரிய நகரங்களை விட்டுவிட்டு இந்த வறண்ட பூமிக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்ததற்குக் காரணம் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் பொங்கல் நாளன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி என்றால் என்ன, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பெரியவர் சளைக்காமல் பதில் சொன்னார். ஐயா, உங்கள் பொறுமைக்கு எங்கள் வணக்கம்.

பலகைகளைச் சட்டமிட்டுத் தந்த ஆசாரி, மண்டபத்தை வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்தவர்கள், பெயர் வேண்டாம் என்று சொல்லிப் பணம் தந்தவர்கள், தேநீர் போட்டுக் கொடுத்த தம்பிகள் அனைவருக்கும் நன்றி.

விளக்கம் சொன்ன கல்லூரி மாணவியரைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒப்பித்துவிட்டுப் போகாமல், வந்தவர்களின் முகம் பார்த்துப் பேசினார்கள். அழகப்பர் 1957 ஏப்ரல் 5 அன்று மறைந்தார்; மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். அந்தப் பலகையின் முன் நின்று, "இவ்வளவும் இந்த வயதுக்குள்ளா?" என்று ஒரு மாணவி தன்னை மறந்து கேட்டதும், சுற்றி நின்ற பெரியவர்கள் ஆளுக்கொரு நிகழ்ச்சியாகச் சொல்லத் தொடங்கினார்கள். எழுதி வைத்த விளக்கங்களை விட அன்று கேட்டவை அதிகம். அவற்றை அந்த மாணவியரே குறித்துக்கொண்டதற்கு இரட்டிப்பு நன்றி.

இரவல் வாங்கிய படங்களும் கடிதங்களும் உரியவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டுவிட்டன. பிரதிகள் எங்களிடம் இருக்கின்றன. வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் செலவின்றி அனுப்பி வைப்போம்.

மிக்க நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர் சார்பில், அழகப்பரின் கல்லூரியில் படித்த முன்னாள் மாணவி ஒருத்தி