முற்றுமுன் பிடுங்கிய இஞ்சி

டொரண்டோ,
அக்டோபர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். தொட்டியில் வைத்திருந்த இஞ்சியைப் பிடுங்கிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னதற்கு, "தாள் பச்சையாக நிற்கும்போதே யாராவது கிழங்கை எடுப்பார்களா?" என்று கேட்டீர்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் ஆண்டுதோறும் மஞ்சள் வெட்டுகிறவர் அப்படிக் கேட்பது நியாயந்தான். அன்று பேச நேரமில்லாததால் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

நம் நிலத்தில் வைகாசியில் ஊன்றும் மஞ்சள், தாள் காய்ந்து மடியும் வரை ஒன்பது மாதம் மண்ணில் கிடக்கிறது. இஞ்சி முற்றுவதற்கும் எட்டு முதல் பத்து மாதம் வேண்டும். இங்கோ மே மாதம் வரை உறைபனி பற்றிய அச்சம் இருக்கும், அக்டோபரில் அது திரும்பிவிடும். ஓர் இரவு உறைபனி விழுந்தாலே தாள் கருகிச் சரிந்துவிடும் என்பதால், முற்றிய இஞ்சிக்கு ஆசைப்படாமல், ஐந்தாறு மாதத்தில் கிடைக்கும் இளம் இஞ்சிக்காகவே இங்குள்ளவர்கள் பயிரிடுகிறார்கள்.

அதற்கும் வீட்டுக்குள்தான் தொடங்க வேண்டும். கடை இஞ்சி சிலவற்றில் முளைவிடாதிருக்க மருந்து போட்டிருப்பார்களாம். ஆகவே இயற்கை முறையில் விளைந்ததாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு முளைக்கணு இருக்கும்படி நறுக்கி, வெட்டுவாய் காய்ந்த பிறகு, மார்ச் மாதத் தொடக்கத்தில் தென்னைநார்க் கழிவில் புதைத்தேன். தட்டின் அடியில் மின்சாரத்தில் சூடாகும் பாய் ஒன்றை விரித்து, மண்ணை 25 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டேன். குளிர்ந்த ஈர மண்ணில் கிழங்கு முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். இரவுக் குளிர் தணிந்த ஜூனில் தொட்டிகளை வெளியே எடுத்து, காலை வெயில் மட்டும் படும் சுவரோரம் வைத்தேன். அதன்பின் வேலை நீங்கள் அறிந்ததே: தண்ணீர் தேங்கக் கூடாது, தூர் பருத்து வெளியே தெரியும்போதெல்லாம் மண் அணைக்க வேண்டும்.

தொட்டியைச் சாய்த்து மண்ணை உதிர்த்தபோது வந்த கிழங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தந்தம் போன்ற வெளிர்நிறம். தாள் கிளம்பும் இடத்தில் மட்டும் செதில்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. தோல் என்று சொல்ல ஒன்றுமில்லை, பெருவிரலால் தேய்த்தாலே வழன்று வருகிறது. நறுக்கினால் கத்தியில் நார் சிக்குவதில்லை. எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து ஊறவைத்தேன். புளிப்பு பட்டதும் துண்டுகள் இலேசாகச் சிவந்தன. ஜப்பானியர்கள் மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் இளஞ்சிவப்பு இஞ்சியும் இந்த இளசுதான்.

ஆனால் அம்மாவின் துவையலுக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரம் குறைவு, நீர் அதிகம், வதக்கினால் சுருங்கிப்போகிறது. தேனில் ஊறவைக்கவும் மோரில் தட்டிப் போடவும் மிக நன்றாக இருக்கிறது. முற்றிய இஞ்சியைப் போல இது வாரக்கணக்கில் வெளியே கிடக்காது என்பதால், மீதியை நறுக்கி உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

ஊரிலிருந்து விதை இஞ்சி அனுப்புவதாகச் சொன்னீர்கள், வேண்டாம் அப்பா. நடுவதற்கான கிழங்கை அனுமதியில்லாமல் இந்நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. இளசைக் காயவைத்துச் சுக்காக்கவும் இயலாது. ஆகவே பொங்கலுக்குப் பிறகு தம்பி வரும்போது, அம்மா இடித்த சுக்குத்தூள் மட்டும் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்