பரணில் கிடைத்த ஆர்ச்சி

அன்புள்ள முரளி,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாயா, முதல் நாளோடு நிறுத்திவிட்டாயா?

இங்கே வீட்டுக்கு வெள்ளையடிப்பு. பரணைக் காலி செய்தபோது நம் தகரப்பெட்டி கிடைத்தது. நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கினோமே, அந்த ஆர்ச்சி புத்தகங்கள், அமெரிக்கப் பள்ளிக்கூடப் பையனின் காமிக்ஸ். மொத்தம் பதினொன்று, பாதிக்கு அட்டை இல்லை. ஒன்றில் உன் கையெழுத்தில் 'திருடாதே' என்று இருக்கிறது. பெட்டி இத்தனை வருஷம் என் வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது, என்ன சொல்ல!

ஏணிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். ஹாம்பர்கர் என்றால் பன்னுக்குள் மசால்வடை என்று நீ சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. ஆர்ச்சியின் நண்பன் ஜக்ஹெட் தலையில் இருப்பது கிரீடம் என்றேன் நான், தொப்பி என்றாய் நீ. நிரூபிக்கிறேன் பார் என்று உன் பெரியப்பாவின் ஊட்டித் தொப்பியில் கத்தரி வைத்தாய். நீ சொன்னதுதான் சரி, இப்போது ஒப்புக்கொள்கிறேன். பழைய கம்பளித் தொப்பியின் விளிம்பை வளைத்து வளைத்து வெட்டி மேலே மடக்கிவிடுவார்களாம். அந்தக் கால அமெரிக்க மெக்கானிக்குகள் போட்டது, அப்புறம் பையன்களுக்கு ஃபேஷன் ஆனது. பெரியப்பா திட்டவே இல்லை. அடுத்த தடவை ஊட்டிக்கு அதையே போட்டுக்கொண்டு போனார், அதுதான் தண்டனை.

ஆர்ச்சிக்கு ஏற்ற பெண் பெட்டியா வெரோனிகாவா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோமே, ஒரு பாயிண்டை விட்டுவிட்டேன். 1941 டிசம்பர் 'பெப் காமிக்ஸ்' இதழில் ஆர்ச்சி முதன்முதலாக வந்தபோதே பெட்டி கூட இருந்தாள். வெரோனிகா 1942ல்தான் வந்து சேர்ந்தாள். முன்னுரிமை யாருக்கு, சொல்!

ஆனால் இந்தத் தடவை என் கண் அவர்கள் மேல் நிற்கவில்லை. ஆர்ச்சியின் தலைமை ஆசிரியர் வெதர்பீ மேல்தான். வழுக்கை, தொப்பை, மூக்கில் நிற்காத கண்ணாடி. ஆர்ச்சி தாழ்வாரத்தில் ஓடி வருவான், திருப்பத்தில் மோதுவான், கண்ணாடி பறக்கும். அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். படம் வரைந்த பாப் மான்டனா, மாசசூசெட்ஸில் தான் படித்த ஹேவர்ஹில் பள்ளிக்கூடத்து முகங்களை வைத்துத்தான் வரைந்தாராம். அந்தத் தலைமை ஆசிரியர் பாடு எப்படியோ, என் பாட்டைக் கேள்.

போன மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தண்ணீர் வாளியோடு ஓடி வந்து என் மேலேயே மோதினான். இரண்டு பேரும் தரையில். சட்டை தொப்பல், கண்ணாடிக்கு ஒரு கால் போச்சு. என் வயிற்றின் மேல் கிடந்தபடியே "சார், நான் இல்ல சார்" என்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் அழ ஆரம்பித்தான்.

புத்தகங்களைக் கூரியரில் அனுப்பட்டுமா, நேரில் வந்து எடுத்துக்கொள்கிறாயா? 'திருடாதே' மட்டும் என்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
சேகர்