புற்று வைரஸ்களும் நம் ரத்தத்தின் நிரப்புப் புரதங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஊருணியில் நீர்மட்டம் ஏறி இறங்குவது போல உடலுக்குள் ஒரு மட்டம் இருப்பதாகவும், கஷாயமோ மாத்திரையோ அதை ஏற்றிவிடும் என்பதாகவும் படிப்பவருக்குத் தோன்றுகிறது. சாதாரணச் சளிக்கு இந்த நினைப்பால் பெரிய கெடுதல் வந்துவிடாது. வைரஸால் வரும் புற்றுநோய்க்கு வரும். எப்படி என்பதைச் சொல்லத்தான் காரைக்குடியில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் நாங்கள் இருவர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

ரத்தத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காவல் உண்டு. மருத்துவர்கள் 'காம்ப்ளிமென்ட்' என்பார்கள். தமிழில் நிரப்புப் புரதங்கள். இந்தப் பெயர் வந்த விதமே பாடமாக இருக்கிறது. 1890களில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டே, கிருமியைக் கொல்லும் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) 56 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் வைத்தார். அதன் கொல்லும் திறன் போய்விட்டது. அந்தக் கிருமியையே அறியாத ஒரு விலங்கின் புதுச் சீரத்தைச் சிறிது சேர்த்ததும் திறன் திரும்பியது. ஆக, சூடு தாங்கும் பொருள் ஒன்று (ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட கிருமியில் ஒட்டும் புரதம்), சூட்டில் அழியும் பொருள் ஒன்று, இரண்டும் சேர்ந்துதான் வேலை நடக்கிறது. ஆன்டிபாடி தொடங்கியதை நிரப்பி முடிப்பதால் இரண்டாவதற்கு பால் எர்லிக் வைத்த பெயர் நிலைத்தது. போர்டேவுக்கு 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இன்று இதில் 30க்கும் மேற்பட்ட புரதங்கள் தெரியும். பெரும்பகுதி கல்லீரலில் உருவாகிறது. நடுநாயகம் சி3 என்ற புரதம். நூறு மில்லிலிட்டர் சீரத்தில் சுமார் 90 முதல் 180 மில்லிகிராம் வரை இருக்கும். இதை உடைக்க மூன்று வழிகள்: கிருமியில் ஒட்டிய ஆன்டிபாடியை சி1க்யூ என்ற நிரப்புப் புரதம் பிடிப்பது ஒன்று, கிருமியின் மேலுள்ள சர்க்கரைகளை லெக்டின்கள் என்ற புரதங்கள் பிடிப்பது ஒன்று, யாரும் தூண்டாமலே சி3 சிறிது சிறிதாகத் தானே கசிந்து உடைந்துகொண்டிருப்பது மூன்றாவது. உடைந்து வரும் சி3பி என்ற துண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பக்கத்தில் எந்தப் பரப்பு கிடைக்கிறதோ அதில் வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். ஒட்டிய ஒன்று மேலும் பல சி3-களை உடைக்கும். பிறகு சி5 உடைந்து, அதன் துண்டோடு சி6, சி7, சி8 சேர, கடைசியில் 18 வரை சி9 மூலக்கூறுகள் வட்டமாக நின்று சவ்வுக்குள் இறங்கும். நம் ஊர் உறைகிணறு போல, உறைகள் சேர்ந்து ஒரு வளையம். நடுவில் சுமார் 10 நானோமீட்டர் ஓட்டை. தண்ணீர் உள்ளே பாயும், உப்பு வெளியேறும், உள்ளே இருந்தது கலைந்துபோகும்.

பக்கத்தில் கிடைத்ததில் எல்லாம் ஒட்டும் என்றால் நம் செல்கள் எப்படித் தப்புகின்றன? அவற்றின் மேல் சிடி46, சிடி55, சிடி59 என்ற காப்புப் புரதங்கள் இருக்கின்றன. சி3-ஐ உடைக்கும் நொதியை சிடி55 கலைத்துவிடும். சிடி46, ஃபேக்டர் ஐ என்ற கத்தரிக்கு சி3பி-யைப் பிடித்துக் கொடுக்கும். சிடி59 கடைசி வளையத்தை மூடவிடாது. பி.என்.எச். என்ற ரத்த நோயில் சிவப்பணுக்களுக்கு சிடி55, சிடி59 இரண்டும் இல்லாமல் போவதால் நோயாளியின் சொந்த நிரப்புப் புரதங்களே அவற்றை உடைத்துவிடுகின்றன. அந்தக் காப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். புற்று வைரஸ்களின் கதை முழுவதும் இந்தக் காப்பைச் சுற்றித்தான் நடக்கிறது.

வைரஸ் புற்றை உண்டாக்கும் என்று முதலில் உறுதியாகக் காட்டியவர்களில் ஒருவர் பெய்ட்டன் ரவுஸ், 1911இல், கோழியில். எலி, பூனை என்று பல விலங்குகளில் இப்படிப்பட்ட ரெட்ரோவைரஸ்கள் (தம் மரபணுவைச் செல்லின் மரபணுவோடு சேர்த்துவிடும் வைரஸ்கள்) உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மாடு கோழியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் இவை நமக்கு ஏன் தொற்றவில்லை? 1975இல் ஒரு விடை வந்தது. எலியின் ரத்தப்புற்று வைரஸைப் புதிய மனித சீரத்தோடு கலந்து 37 டிகிரியில் வைத்தால், வைரஸின் உறை உடைந்து உள்ளேயிருக்கும் நொதி வெளியே கொட்டியது. சூடாக்கிய சீரத்தில் உடையவில்லை. எலியின் சீரமும் உடைக்கவில்லை. மனித சீரத்துக்கு முன்தொற்றோ தடுப்பூசியோ தேவைப்படவில்லை.

காரணத்தில் பெரும்பகுதி 1990களின் நடுவில் தெளிவானது. எலி, ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் செல் பரப்பில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை இருக்கிறது. மனிதருக்கும் மனிதக் குரங்குகளுக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் இல்லை. பரிணாமத்தில் அந்த மரபணு பழுதாகிவிட்டது. நம் குடல் பாக்டீரியாக்களில் இதைப் போன்ற சர்க்கரைகள் இருப்பதால் நம் எல்லோருடைய ரத்தத்திலும் இதற்கு எதிரான ஆன்டிபாடி நிறைய உண்டு. ரத்தத்தில் மிகுதியாக உள்ள ஆன்டிபாடி வகையான ஐஜிஜி-யில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்று கணக்கு. எலியின் செல்லிலிருந்து கிளம்பும் வைரஸ் அந்தச் செல்லின் சவ்வைப் போர்த்திக்கொண்டு வருவதால் சர்க்கரையும் கூட வருகிறது. ஆன்டிபாடி ஒட்டுகிறது, சி1க்யூ பிடிக்கிறது, உறை உடைகிறது. அதே வைரஸை மனித செல்லில் வளர்த்துப் பார்த்தால் மனித சீரம் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. மரபணு சிகிச்சைக்கான ரெட்ரோவைரஸ்களை எலி செல்லில் தயாரித்தால் நோயாளியின் ரத்தத்தில் அழிந்துவிடுவதும், மனித செல்லில் தயாரிப்பதும் இதனால்தான். பன்றி உறுப்பை மனிதருக்குப் பொருத்த ஆல்ஃபா-கால் நீக்கிய பன்றிகளை வளர்க்கிறார்கள். உறுப்பு தப்பும், ஆனால் அந்தப் பன்றியின் ரெட்ரோவைரஸுக்கும் அதே கதவு திறக்கும். அதைக் கண்காணிக்க வேண்டிய கட்டாயம் அங்கிருந்து வருகிறது.

கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. கோழி செல்லில் ஆல்ஃபா-கால் கிடையாது. எனவே மேற்சொன்ன காரணம் அங்கே பொருந்தாது. ஆனாலும் கோழிக்குக் கட்டி உண்டாக்கும் மாரெக் நோய் வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை. ஒரு நாள் குஞ்சுக்கு ஊசி போடுவது கோழியைக் காக்க. பண்ணைக் கோழியானாலும் நாட்டுக் கோழியானாலும் இந்தப் பயத்தோடு சாப்பிட வேண்டியதில்லை.

இனி முக்கியமான இடம். மனிதருக்குப் புற்று தரும் வைரஸ்கள் என்று உறுதியானவை ஏழு: எப்ஸ்டீன்-பார், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, ஹெச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்று தருவது), ஹெச்.டி.எல்.வி-1 (வெள்ளையணுப் புற்று தரும் ரெட்ரோவைரஸ்), கபோசி சார்கோமா ஹெர்பிஸ், மெர்க்கெல் செல் பாலியோமா. இவை நிரப்புப் புரதங்களைச் சமாளித்தோ, அவற்றின் கண்ணில் படாமலோ மனித உடலில் தங்கக் கற்றவை.

ஹெச்.டி.எல்.வி-1 நம் வெள்ளையணுவிலிருந்து கிளம்பும்போது அதன் சவ்வோடு சிடி55, சிடி59 இரண்டையும் எடுத்துப் போகிறது; வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியேறுவது மாதிரி. ஹெபடைடிஸ் சி வைரஸும் சிடி59-ஐ எடுத்துக்கொள்கிறது. கபோசி வைரஸ் இரவல் வாங்குவதில்லை. சிடி46, சிடி55 செய்யும் இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்யும் புரதத்துக்கான மரபணுவையே தன்னிடம் வைத்திருக்கிறது. 2003இல் புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்து ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தின் வேலையை விளக்கி 'கபோசிகா' என்று பெயரிட்டார்கள். இந்தியாவில் நடந்த வேலை என்பதால் நம் பத்திரிகைகள் இதைப் பற்றி இன்னும் எழுதலாம்.

எப்ஸ்டீன்-பார் செய்வது வேறு. கிருமியில் ஒட்டிய சி3-யின் கடைசித் துண்டைப் பிடித்து, ஆன்டிபாடி தயாரிக்கும்படி பி-செல்லைத் தூண்ட சிடி21 என்ற கைப்பிடி இருக்கிறது. வைரஸ் தன் ஜிபி350 புரதத்தால் அந்தக் கைப்பிடியையே பிடித்துச் செல்லுக்குள் நுழைகிறது. ஹெபடைடிஸ் பி நெல்லுக்குள் பதரைக் கொட்டுகிறது: 42 நானோமீட்டர் முழு வைரஸ் ஒன்றுக்கு, மரபணு இல்லாத 22 நானோமீட்டர் வெற்றுத் துகள்கள் ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை. ஆன்டிபாடிகள் பதரிலேயே ஒட்டித் தீர்ந்துபோகும். அந்தக் கூட்டுகள் சிறுநீரகத்தில் படிந்து நிரப்புப் புரதங்களை அங்கே தூண்டுவதால் சிலருக்குச் சிறுநீரில் புரதம் போகிறது. ஹெச்.பி.வி.க்கு உறையே இல்லை. துளைக்கச் சவ்வு இல்லாத இடத்தில் உறைகிணறு இறங்க முடியாது. அது ரத்தத்துக்குள் வருவதும் இல்லை. தோலின் நுண்கீறல் வழியே அடிச்செல்லில் புகுந்து, மேல்தோல் உதிரும்போது வெளியேறுகிறது.

'அப்படியானால் நிரப்புப் புரதங்களைக் கூட்டினால் என்ன' என்று கேட்கலாம். வேண்டாம். ஹெச்.பி.வி. 16இன் புற்று மரபணுக்களைக் கொண்ட கட்டியை எலியில் வளர்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சி5 உடையும்போது வரும் சி5ஏ என்ற துண்டு, கட்டியைத் தாக்கும் டி-செல்களை அடக்கும் அணுக்களைக் கட்டிக்குள் அழைத்து வந்து கட்டியை வளர்த்தது தெரிந்தது. சி5ஏ-யின் வேலையைத் தடுத்தபோது கட்டி மெதுவாக வளர்ந்தது. வைரஸை உறை உடைத்துக் கொல்லும் அதே தொடர், கட்டி உருவான பிறகு அதற்கே உதவக்கூடும். மேலும், கட்டிச் செல்கள் பல சிடி46, சிடி55, சிடி59-களை அளவுக்கு மேல் போர்த்திக்கொள்கின்றன.

நிரப்புப் புரதங்களுக்கான ரத்தப் பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டும், தவறான முடிவால் அலைபவர்கள் இருக்கிறார்கள். சி3, சி4 பரிசோதனைகள் அந்த நிரப்புப் புரதங்களின் அளவைச் சொல்லும். சிஹெச்50 என்பது வேலைத்திறனைச் சொல்லும்: ஆன்டிபாடி பூசிய செம்மறி ஆட்டுச் சிவப்பணுக்களில் பாதியை உடைக்க எவ்வளவு சீரம் வேண்டும் என்ற கணக்கு. இதற்கு ரத்தத்தை ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் எடுத்தால் கால்சியமும் மெக்னீசியமும் கட்டுப்பட்டுத் தொடர் நின்றுவிடும். சாதாரணக் குழாயில் எடுத்து, அறைவெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் உறைய விட்டு, உடனே சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, மைனஸ் 70 டிகிரியில் உறைய வைத்து, உலர்பனியில்தான் அனுப்ப வேண்டும். சித்திரை வெயிலில் தேவகோட்டையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் சாதாரணப் பெட்டியில் போன சீரம் 'பூஜ்யம்' என்று வந்தால், குறை நோயாளியிடம் இல்லாமலும் இருக்கலாம்.

ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடம் எதிர்மாறான சிக்கலும் உண்டு. சிலருடைய சீரம் குளிரில் வைத்தாலே குழாய்க்குள் நிரப்புத் தொடர் தானே ஓடித் தீர்ந்துவிடும். சி3, சி4 சரியாக இருந்து சிஹெச்50 மட்டும் அடிமட்டத்தில் இருந்தால், குளிரவிடாமல் 37 டிகிரியில் பிரித்த சீரத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். சி4 உண்மையிலேயே மிகக் குறைந்து, சி3 ஏறக்குறைய சரியாக இருந்து, காலில் செந்நிறப் புள்ளிகளும் தோன்றினால் கிரையோகுளோபுலின் (குளிரில் திரளும் ஆன்டிபாடி) பார்க்க வேண்டும். அதற்கும் முன்சூடாக்கிய குழாயில் எடுத்து, உறைந்து முடியும்வரை 37 டிகிரி நீர் நிரப்பிய பிளாஸ்கில் வைத்துத்தான் ஆய்வகம் சேர்க்க வேண்டும். வழியில் குளிர்ந்தால், தேடும் பொருள் உறைகட்டியோடு போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? வைரஸ் உள்ளே வரும்முன் சரியான ஆன்டிபாடி காத்திருப்பது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசி குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள். பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியில் சேர்ந்து வரும். தாய்க்கு அந்த வைரஸ் இருந்தால் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலை ஆன்டிபாடி) சேர்த்துப் போட வேண்டும். ஹெச்.பி.வி.க்கு 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி; 15 வயது ஆகிவிட்டால் 0, 2, 6 மாதங்களில் மூன்று. ரத்தத்திலிருந்து கருப்பை வாய்க்குக் கசியும் ஆன்டிபாடி வைரஸ் ஒட்டுமுன்பே பிடித்துக்கொள்கிறது. அங்கே நிரப்புப் புரதத்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே புகுந்த தொற்றை இந்த ஊசி நீக்காது, அதனால்தான் வயது முக்கியம். ஊசி போட்ட பெண்களும் 30 வயதுக்கு மேல் கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

நம் பகுதி வெயிலுக்குப் பயந்து சிலர் இந்த இரண்டு ஊசி மருந்துகளையும் ஃப்ரீசரிலோ, அப்போதுதான் எடுத்த ஐஸ் பேக்கை ஒட்டியோ வைக்கிறார்கள். இரண்டு மருந்திலும் அலுமினிய உப்பு இருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அது கட்டிகட்டியாகி மருந்து பலன் தராது. ஹெபடைடிஸ் பி மருந்து மைனஸ் அரை டிகிரியிலேயே உறையத் தொடங்கும். 2 முதல் 8 டிகிரிதான் அளவு. ஐஸ் பேக்கைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை வெளியில் வைத்துவிட்டு, பிறகு பெட்டியில் அடுக்க வேண்டும். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். சந்தேகப்பட்ட குப்பியும் அதே வேகத்தில் திரிதிரியாக அடியில் படிந்தால் அதை யாருக்கும் போடக் கூடாது.

உங்கள் உடல்நலப் பக்கத்தில் அடுத்த முறை 'எதிர்ப்புச் சக்தி' என்று எழுத நேர்ந்தால், எந்த வைரஸ், எந்தப் புரதம், எந்த ஊசி, எந்த வயதில் என்று சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். பெட்டிச் செய்தியாகப் போட ஹெபடைடிஸ் பி, ஹெச்.பி.வி. ஊசி அட்டவணையை மேலே உள்ளபடியே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் இருவர்,
காரைக்குடி