சாட்சி சொல்ல மைக் இருக்கு, பாவத்தைச் சொல்லத்தான் இடம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சபைக்கு வர்ற இளைஞர்கள் ஏன் குறையறாங்கன்னு போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு. மியூசிக் சரியில்ல, பிரசங்கம் நீளம், எல்லாரும் போன்லயே கெடக்காங்கன்னு காரணமெல்லாம் சொல்லியிருந்தாங்க, இருக்கலாம். ஆனா பதினாலு வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கற எனக்குத் தெரிஞ்ச ஒரு காரணத்தை அதுல காணோம். உள்ளுக்குள்ள ஒரு பாவத்தையோ ஒரு சந்தேகத்தையோ வச்சிக்கிட்டு முழிக்கிறவன், அது நடந்துக்கிட்டு இருக்கும்போதே வாயைத் திறக்க நம்ம சபைகள்ல இடமே கிடையாது.

ஜெயிச்சு முடிச்சதுக்கு அப்புறம்னா, கடவுள் எனக்கு என்ன செஞ்சார்னு எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்ல மைக் குடுப்பாங்க. குடிச்சேன், கர்த்தர் தொட்டார், விட்டுட்டேன்னு சொன்னா எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுவாங்க. நேத்து ராத்திரியும் குடிச்சேன், இன்னும் விட முடியலன்னு யாராவது சாட்சி சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல.

என் விஷயத்துக்கே வர்றேன். ஆபாச வீடியோ. ஒன்பது வருஷம். ஞாயித்துக்கிழமை காலைல எழுந்ததும் முதல் வேலை போன்ல ஹிஸ்டரியை அழிக்கிறது, அப்புறம் குளிச்சிட்டு கிளம்பி, அதே போன்ல பைபிள் ஆப்பைத் திறந்து அதே விரலால வசனத்தைத் தள்ளித் தள்ளி பசங்களுக்கு வாசிச்சுக் காட்டுவேன். ஒரு நாள் ஒரு பையன் சார் உங்க போனைக் குடுங்க நான் வாசிக்கிறேன்னு கையை நீட்டினான். நான் குடுக்கல. சார்ஜ் இல்லடான்னு ஒரு பொய். ஸ்க்ரீன் பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, அவன் அதைப் பார்த்தான், என்னையும் பார்த்தான், ஒண்ணும் கேட்காம உட்கார்ந்துட்டான்.

சங்கீதம் 32-ல தாவீது "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று"ன்னு எழுதினதை ரொம்ப நாள் கவிதைன்னு நினைச்சிருந்தேன். இல்லைங்க, அது உடம்பு விஷயம். தூக்கம் வராது, வீட்டுல சும்மா சும்மா கோபம் வரும், யாராவது நல்லவர்னு பாராட்டினா வயித்தைப் பிசையும்.

இதுல சந்தேகம் எங்க வந்துச்சுன்னு கேப்பீங்க. அது மெல்ல மெல்ல வந்துச்சு. கடவுள்னு ஒருத்தர் இல்லாமப் போனா இதைப் பாக்கறதுக்கும் யாரும் இல்லன்னு ஒரு நிம்மதி, அப்படித்தான் உள்ள நுழைஞ்சது. அது கூடவே இன்னொண்ணும் இருந்துச்சு, எங்க அம்மா படுக்கைல கெடந்தப்ப எவ்வளவோ ஜெபிச்சோம், உபவாசம் இருந்தோம், அம்மா போயிட்டாங்க, அதுக்கு யாருகிட்டயும் எனக்குப் பதில் கிடைக்கல. முதல்ல சொன்னது சாக்கு, ரெண்டாவது நிஜமான கேள்வி. ஆனா உள்ள ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கிற வரைக்கும் எது சாக்கு எது கேள்வின்னு எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

ஒரு தடவை துணிஞ்சு, சபையை நடத்தற பெரியவங்கள்ல ஒருத்தரான ஒரு மூப்பர்கிட்ட போய்ச் சொன்னேன். தலைமேல கை வச்சு ஜெபம் பண்ணினார், அழுதேன், லேசா இருந்துச்சு. அடுத்த வார ஜெபக்கூட்டத்துல அது ஜெபக்குறிப்பா வந்துருச்சுங்க! "நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கற ஒரு தம்பி, பேர் வேண்டாம், இச்சைகள்ல இருந்து விடுதலை ஆக ஜெபிச்சுக்குவோம்"னு. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கறது மொத்தம் மூணு பேர், அதுல ரெண்டு பேர் பொண்ணுங்க. கண்ணை மூடி ஜெபிக்கணும்னுதான் சொல்றாங்க, அன்னைக்கு எத்தனை கண்ணு தொறந்து என்னைத் தேடுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் யாருகிட்டயும் வாயே திறக்கல.

இதுல வேடிக்கை, குருகிட்ட தனியா போய் பாவத்தைச் சொல்ற கத்தோலிக்கரோட பாவசங்கீர்த்தனத்தை நாங்க கிண்டல் பண்ணுவோம், எங்களுக்கு எதுக்கு சாமியார், நேரா ஆண்டவர்கிட்டயே போவோம்னு. 1215-லயே கத்தோலிக்க ஆயர்கள் கூடின லாத்தரன் சங்கத்துல, கேட்ட பாவத்தை வெளிய சொல்ற குருவைப் பதவியில இருந்து இறக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. எங்ககிட்ட அந்த மாதிரி ஒரு கட்டுப்பாடும் கிடையாது, நேரா ஆண்டவர்கிட்டன்னு சொல்றது கடைசில யாருகிட்டயும் சொல்றதில்லன்னு ஆயிருச்சு. எங்க புராட்டஸ்டன்ட் சபைகளுக்கெல்லாம் முன்னோடியான லூத்தரே 1522-ல ஒரு பிரசங்கத்துல, யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனா தனிப்பட்ட பாவ அறிக்கையை என்கிட்ட இருந்து எவனும் பறிக்க விடமாட்டேன்ங்கற மாதிரி பேசியிருக்கார். யாக்கோபு 5:16-ல ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கன்னு தெளிவா இருக்கு, அது எங்க பைபிள்லயும்தான் இருக்கு.

பிரசங்கத்துல ஆகானை வச்சு மிரட்டுவாங்க. யோசுவா 7-ல பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச்சேக்கல், 50 சேக்கல் பொன்பாளம், எடுக்கக் கூடாதுன்னு சொன்ன இதையெல்லாம் திருடிக் கூடாரத்துக்குள்ள புதைச்சு வச்சு, கடைசில கல்லெறிபட்டுச் செத்தவன். எனக்கு அவனைப் பத்தி வேற ஒண்ணுதான் தோணும், அந்தச் சால்வையை அவன் ஒரு நாளாவது வெளிய போட்டுக்கிட்டுப் போயிருப்பானா? அதே பைபிள்ல நாத்தான் தீர்க்கதரிசியும் இருக்கார். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கிட்ட தாவீது ராஜாகிட்ட போய் ஏழையோட ஒரே ஆட்டுக்குட்டி கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்"னு நேருக்கு நேரா சொன்னார். அந்தாளு முகத்தைப் பார்த்துச் சொன்னார், அடுத்த வாரக் கூட்டத்துல அறிவிப்பு குடுக்கல.

சந்தேகத்துக்கும் இதே கதைதான். சந்தேகம்னு சொன்னாலே உன் வாழ்க்கைல ஏதோ பாவம் இருக்குன்னு ஆரம்பிச்சிடறாங்க. என் விஷயத்துல அது பாதி உண்மை, அதுக்காக எல்லாருக்கும் அப்படியா? இயேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த யோவான் ஸ்நானகனே ஜெயில்ல இருந்துக்கிட்டு, வர வேண்டிய மீட்பர் நீர்தானா இல்ல வேற ஒருத்தருக்காகக் காத்திருக்கணுமான்னு இயேசுகிட்ட ஆள் விட்டுக் கேட்டார். இயேசு திட்டல. பார்த்ததையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கன்னு அனுப்பிட்டு, அந்தாளைப் பத்தி ஜனங்க முன்னாடி பெருமையாப் பேசினார். இயேசு உயிர்த்தெழுந்ததுக்கு அப்புறமும் மத்தேயு 28:17-ல "சிலரோ சந்தேகப்பட்டார்கள்"னு இருக்கு, எழுதினவங்க அதை மறைக்கல. சீஷன் தோமா, இயேசு உயிரோட எழுந்ததைப் பார்க்காம நம்பமாட்டேன்னு சொல்லி எட்டு நாள் கழிச்சும் மத்தவங்க கூடத்தான் ஒரே வீட்டுக்குள்ள இருந்தார். பார்த்தவங்க பார்க்காதவரை வெளிய தள்ளல. எங்க சபைல அந்த எட்டு நாளுக்குள்ள விசுவாசத்தை விட்டு விலகிட்டான், பின்மாற்றம்னு பட்டம் குடுத்து முடிச்சிருப்பாங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன், இல்லன்னா தப்பா எடுத்துக்குவாங்க. ரகசியமா கேட்டுக்கணும்னு நான் சொல்றது அடுத்தவங்களைக் காயப்படுத்தின குற்றத்துக்கு இல்ல. ஒரு குழந்தையைத் தொட்டவன், சபைப் பணத்தை எடுத்தவன் எல்லாம் அழுது ஜெபிச்சிட்டு எழுந்து போக முடியாது, அது போலீசுக்குப் போகணும், பணம் திரும்பி வரணும். பைபிள்ல வர்ற வரி வசூல்காரன் சகேயு, அநியாயமா வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னுதான் சொன்னான்.

கடைசில நான் சொன்னது ஒரு நண்பர்கிட்ட, அவர் ஊழியக்காரர் எல்லாம் இல்ல. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் டேபிளையே பார்த்துக்கிட்டு இருந்தார், அப்புறம் எத்தனை வருஷமான்னு மட்டும் கேட்டார். வசனம் ஒண்ணும் சொல்லல. அதுல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா அவர்கிட்ட இருந்து "எப்படி?"ன்னு ஒத்தை வார்த்தை மெசேஜ் வரும், நான் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். சில வாரம் விழுந்துட்டேன்னு எழுதியிருக்கேன், சரி நாளைக்கு வீட்டுக்கு வான்னு வரும். மூணு மாசம் கழிச்சு மனைவிகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள், போன் எப்பவும் குப்புறப் படுத்திருந்தா வீட்டுல இருக்கிறவளுக்குத் தெரியாதான்னு கேட்டா.

சொன்னதுக்கு அப்புறம் சாக்கா இருந்த சந்தேகம் எப்பப் போச்சுன்னே தெரியல. அம்மா விஷயம் போகல, இன்னைக்கும் இருக்கு. மாற்கு 9-ல பேய் பிடிச்ச பையனைக் குணமாக்கச் சொல்லி இயேசுகிட்ட கூட்டிட்டு வந்த அந்த அப்பா சொல்றாரே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு, அதைத்தான் நானும் சொல்லிட்டு இருக்கேன். நம்பிக்கை முழுசா வரட்டும், அப்புறம் பையனைப் பார்க்கலாம்னு இயேசு அந்த அப்பாவைத் திருப்பி அனுப்பல.

இந்தக் கடிதத்தைப் போட்டா என் பேரைப் போட வேண்டாம்னு கேட்டுக்கறேன். மறைக்கிறதைப் பத்தி இவ்வளவு எழுதிட்டு பேரை மறைக்கிறானேன்னு சிரிப்பீங்க, சிரிச்சுக்கோங்க. தெரிய வேண்டிய ரெண்டு பேருக்குத் தெரியும். அன்னைக்கு போனைக் கேட்ட அந்தப் பையன் இப்ப காலேஜ் போறான், சபைக்கு வர்றதில்ல. சார்ஜ் இல்லன்னு சொன்னது பொய்டான்னு அவன்கிட்ட இன்னும் சொல்லல, நம்பர் கிடைச்சிருச்சு, இந்த வாரம் கூப்பிடணும்.

இப்படிக்கு,
ஒரு சண்டே ஸ்கூல் ஆசிரியர்